தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

ஸ்பான்சர் அம்மா வருகிறார் என்று ஹோமில் சொன்ன அன்றே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மற்ற பிள்ளைகள் குதித்தார்கள். வெள்ளைக்காரர்கள் வந்தால் கோழிக்குழம்பு உண்டு, புதுத்துணி உண்டு, அன்றைக்கு முழுக்க வார்டன் அக்கா யாரையும் திட்ட மாட்டார். முந்தைய முறை நானும் குதித்தவள்தான். இந்த முறை அவர்கள் முக்கியமாக என் தங்கையைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஹோம் பர்கூருக்கு வெளியே, ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. மதில்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிரானைட் யார்டு. பெரிய பெரிய கருங்கற்களை அறுத்து அடுக்கி வைத்திருப்பார்கள். அதைத் தாண்டிக் குவாரி. மத்தியானம் அங்கே வெடி வைத்தால் எங்கள் சாப்பாட்டுத் தட்டுகள் அதிரும். சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். என் தங்கை மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நெஞ்சில் கை வைப்பாள். பயந்து அல்ல. உள்ளே ஓடுவது நின்றுவிட்டதா, இன்னும் ஓடுகிறதா என்று பார்ப்பாள். ஓடுகிறது என்று தெரிந்ததும் அடுத்த வாய் சோற்றை எடுப்பாள்.

அவளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நாவல்பழம் தின்றதுபோல ஆகிவிடும். பெங்களூரில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்யத்தான் வேண்டும், ஆனால் உடம்பு தாங்காது, கொஞ்சம் எடை ஏறட்டும் என்றார். எடை ஏறுவேனா என்றது. ஏழு வயதுப் பிள்ளையைப் பார்ப்பவர்கள் நாலு வயது என்பார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று.

அப்பா ஒரு குவாரியில் கல் சரிந்து செத்தபிறகு அம்மா எங்களை ஹோமில் சேர்த்தாள். அவளுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை. சீசனில் அங்கேயே ஷெட்டில் படுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை வைத்துக்கொள்ள இடம் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வருவாள். மாம்பால் பட்டு விரல்களெல்லாம் வெந்திருக்கும். அந்த விரலாலேயே எங்கள் இரண்டு பேருக்கும் தலை வாரிப் பின்னிவிட்டுப் போவாள்.

ஸ்பான்சர் அம்மாவும் அவர் கணவரும் எங்கள் இரண்டு பேரையும்தான் பொறுப்பெடுத்திருந்தார்கள். அப்படித்தான் ஹோமில் சொன்னார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் பார்சலில் எனக்குப் பென்சில் டப்பாவும் அவளுக்குக் கண் மூடித் திறக்கும் பொம்மையும் வரும். முதல்முறை வந்தபோது தங்கைக்கு நாலு வயது. அந்த அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தவள் அங்கேயே தூங்கிப்போனாள். கால் மரத்துப்போயும் அந்த அம்மா அசையவில்லை. கிளம்பும்போது நொண்டிக்கொண்டே காருக்குப் போனார். நல்ல மனுஷிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர்களை மம்மி, டாடி என்று கூப்பிட வேண்டும் என்பது ஹோமில் உத்தரவு. நான் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். எனக்கு அம்மா ஒருத்தி உயிரோடு இருந்தாள், ஸ்பேர் தேவைப்படவில்லை.

எனக்குப் பயம் வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் கூடத்தில் கால் சூம்பிய ஒரு அக்கா இருந்தாள். அவளைப் பார்க்க வந்த வேறொரு ஸ்பான்சர் குடும்பம், காலுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று தங்கள் ஊருக்கு அழைத்துப் போனது. சரியானதும் வந்துவிடுவாள் என்றார்கள். அவள் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவள் கட்டிலை வேறு பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அப்புறம் அவள் தட்டையும் கொடுத்தார்கள். கேட்டால் வார்டன் அக்கா, “அங்க ராஜாத்தி மாதிரி இருக்கா, உனக்கென்ன?” என்பார். ராஜாத்தியிடமிருந்து ஒரு போன்கூட வந்ததாக யாருக்கும் தெரியாது. அவள் என்ன ஆனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விருந்தாளிகள் வருவதற்குச் சில நாள் முன்பு, நாங்கள் வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தோம். ஹோமை நடத்திய ஐயாவும் வார்டன் அக்காவும் பக்கத்தில் நின்று பேசினார்கள். எங்களுக்குப் புரியக்கூடாத சங்கதி என்றால் அவர்கள் கன்னடத்துக்குத் தாவுவார்கள். பாதிப் பிள்ளைகள் ஓசூர், தளி, பாகலூர் என்று எல்லையில் பிறந்தவர்கள், இவர்களிடம் கன்னடத்தில் ரகசியம்! “சிக்கவள்ன கர்க்கொண்டு ஹோக்தாரந்தெ” என்றார் ஐயா. சின்னவளைக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு நின்றேன். தங்கை வராந்தா ஓரத்தில் உட்கார்ந்து ஓடுகிற சோப்புத் தண்ணீரைக் காலால் மறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கன்னடம் தெரியும். காதில் விழுந்ததா என்று நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். கேட்டுக்கு வெளியே இழுத்துப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கத்துவாள், நேராக ஐயாவிடம் போய்ச் சண்டை போடுவாள், எங்களைக் கையோடு கூட்டிப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அங்க ஆபரேசன் பண்ணிருவாங்களா?” என்றாள்.

“அத வுடும்மா. திருப்பி அனுப்ப மாட்டாங்க. அந்தக் கால் அக்கா வந்தாளா?”

“எந்தக் கெழமை வர்றாங்க?”

சொன்னேன். தலையாட்டிக்கொண்டாள். அப்புறம் திடீரென்று, “உனுக்கும் பாப்பாவுக்கும் நடுவுல ரெண்டு பேரு போயிட்டானுங்க இல்ல? இவ பொறந்த ஒடனே தவிட்டுக்குக் குடுத்து வாங்குன்னு எல்லாரும் சொன்னாங்க. உங்கப்பன் கேக்கல. ஏம் புள்ளைய தவிட்டுக்கு விக்கறதான்னு குதிச்சாரு. அன்னிக்கே பண்ணியிருக்கணும்” என்றாள்.

உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம் என்று பிள்ளைகளைச் சீண்டுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் மட்டும் கேலிக்குக்கூட அதைச் சொல்ல மாட்டார்கள். பிறக்கிற பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த பிள்ளையை வேறொருத்தி மடியில் போட்டு, இனி இது உன் பிள்ளை என்று கொடுத்துவிட வேண்டும். அவள் தாயாகிவிடுவாள். பிறகு பெற்றவள் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து அதே பிள்ளையை விலைக்கு வாங்கிக்கொள்வாள். சாவு வாசலில் வந்து இந்த வீட்டுப் பிள்ளை எங்கே என்று கேட்டால், இங்கே எங்கள் பிள்ளை யாரும் இல்லை, இது தவிட்டுக்கு வாங்கியது என்று சொல்லிவிடலாம். அதுவும் தவிட்டு விலைக்குப் போன சரக்கு நமக்கு எதற்கு என்று போய்விடுமாம்.

“அந்தம்மா மடியில போட்டு வாங்கிரலாம்” என்றாள் அம்மா. “கடலு தாண்டி இருக்கறவங்க. அதுக்கு அந்த வழி தெரியாது.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, நிம்மதியும் வந்தது. தவிட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் திருப்பி வாங்குகிறேன் என்கிறாளே, அப்படியானால் விடப்போவதில்லை என்று புரிந்துகொண்டேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அவர்கள் வந்த நாளில் அம்மா ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டாள். கல்யாணத்துக்குக் கட்டும் புடவை. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் தவிடு. வார்டன் அக்கா மோப்பம் பிடித்துவிட்டார். “என்னாத்துக்கு இது? மாட்டுக்கா?” என்றார். ஆமாம் என்றாள் அம்மா.

கார் வந்தது. அந்த அம்மா இறங்கியதும் வரிசையில் நின்ற எங்களையெல்லாம் தாண்டித் தங்கையைத் தேடினார். மூன்று வருஷத்தில் அவருக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. தங்கையைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்தது. அவள் வளர்ந்திருப்பாள் என்று நினைத்து வந்திருப்பார். கொண்டுவந்த கவுன் அவளுக்கு இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. அந்தக் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு மண்தரையில் மண்டியிட்டு அழுதார். அவர் கணவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிரானைட் யார்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டுப் பாடத் தயாராக நின்ற பிள்ளைகளுக்கு, பாடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஐயா கண்ணைக் காட்டினார். பாடினார்கள்.

சாப்பாடு முடிந்து ஐயா அம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பிள்ளைகளில் எனக்குத்தான் இங்கிலீஷ் கொஞ்சம் வரும், அதனால் அம்மாவுக்குச் சொல்ல நானும் நின்றேன். அவர்கள் ஊரில் இவ்வளவு சின்ன உடம்புக்கும் ஆபரேஷன் செய்கிறார்கள், டாக்டரிடம் பேசியாகிவிட்டது, செலவு அவர்களுடையது. பிழைத்து எழுந்தால் அங்கேயே வைத்துப் படிக்க வைக்கவும் ஆசை. அம்மா சம்மதிக்க வேண்டும். அந்த அம்மா இதையெல்லாம் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நானும் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். படிக்க வைக்கவும் ஆசை என்று சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அம்மா எழுந்து வெளியே போய், வராந்தாவில் தூங்கி வழிந்துகொண்டிருந்த தங்கையைத் தூக்கி வந்தாள். அந்த அம்மாவின் மடியில் கிடத்தினாள். இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

“இனிமே இது உங்க புள்ள. எனக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல. சொல்லு” என்றாள் என்னிடம்.

சொன்னேன். இது சடங்கு, அடுத்தது தவிடு என்று எனக்குத் தெரியும், அதனால் தைரியமாகச் சொன்னேன். அந்த அம்மா தங்கையை இறுக்கிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். நன்றி என்றாரோ, கடவுளே என்றாரோ, எனக்குப் புரியவில்லை. ஐயாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “இதெல்லாம் இங்க வேண்டாம்மா. வாயால சரின்னு சொன்னா போதும்” என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். பை அவள் காலடியில் இருந்தது.

“அம்மா, தவுடு” என்றேன்.

அவள் குனிந்தாள். பையின் வாயைப் பிரித்தாள் என்றுதான் நினைத்தேன். அவள் அதை இன்னும் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் குவாரியில் வெடி வெடித்தது. தங்கை முழித்து நெஞ்சில் கை வைத்தாள். அந்த அம்மாவும் அவள் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டார். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு அறையைவிட்டு வெளியே போனாள்.

பின்னாலேயே ஓடினேன். கேட்டைத் தாண்டி, யார்டு லாரிகள் போகும் மண்பாதையில் அவளைப் பிடித்தேன். புடவையைப் பிடித்து இழுத்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பெற்ற தாயை ஒரு பெண் என்னவெல்லாம் சொல்லக்கூடாதோ, எல்லாம் சொன்னேன். அவள் அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

“வாங்கிட்டா மறுபடியும் ஏம் புள்ளதான?” என்றாள். “ஏம் புள்ளைங்கதான் சாவுது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டருகில் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றாளே, அன்றைக்கே அவள் முடிவு செய்திருக்கிறாள்.

தங்கை உடனே போய்விடவில்லை. பாஸ்போர்ட், ஆஸ்பத்திரிக் காகிதங்கள் என்று அலைய வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் அம்மா ஹோமுக்கு வந்தாள், கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள், எனக்குத் தலை வாரினாள். தங்கைக்கு வாரவில்லை. தங்கை சீப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றால், “வார்டன் அக்காகிட்ட போ கண்ணு” என்பாள். முதல் தடவை தங்கை புரியாமல் சிரித்தாள். இரண்டாம் தடவை சீப்போடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் தலையை இழுத்து வாரி, அவள் ‘ஆ’ என்று கத்தியதும் கட்டிக்கொண்டு அழுதேன். தவிடு என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, ஃபேக்டரி வாட்ச்மேனின் எருமைக்குப் போட்டுவிட்டேன் என்றாள் அம்மா.

போகிற நாளில் ஐயாவோடு நானும் பெங்களூர் வரைக்கும் காரில் போனேன். ஓசூர் தாண்டி எல்லையில், அத்திப்பள்ளியில் லாரிகள் வரிசையில் கார் நின்றபோது, தங்கை என் காதருகே வந்து, “நான் என்ன தப்பு பண்ணேன்க்கா? அம்மா ஏன் பேச மாட்டேங்குது?” என்றாள். தப்பெல்லாம் இல்லை, உடம்பு சரியாகத்தான் போகிறாய் என்றேன். அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டாள். செய்தி வந்தபோது ஹோமில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். ஃபேக்டரிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு, கொட்டை நீக்க வைத்திருந்த மாம்பழக்கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு வருஷம் என்றார்கள், பிறகு படிப்பு என்றார்கள். அம்மா வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை போன் செய்வாள், நான்தான் பேசுவேன். ஒவ்வொரு போனிலும் அவள் தமிழ் கொஞ்சம் குறையும். அம்மா போனை வாங்க மாட்டாள். போன் வந்த அன்று மட்டும், “அந்தம்மா பொண்ணு எப்பிடி இருக்குதாம்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள்.

பள்ளி முடித்து நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வயரிங் லைனில் சேர்ந்தேன். சிப்காட் பக்கம் மாடியில் ஒற்றை அறை எடுத்து அம்மாவையும் கூட்டி வந்தேன். அஞ்சாறு வருஷம் கழித்து அங்கேதான் அவர்கள் வந்தார்கள். கணவர் அதற்குள் இறந்துவிட்டார். அந்த அம்மாவும் தங்கையும் மட்டும். கார் சந்துக்குள் வராததால் தெருமுனையில் இறங்கி நடந்து வந்தார்கள். லைன் வீடு முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

தங்கை என்னைவிட உயரம். மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினாள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, அந்தப் படிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைக் கழுத்துக்குக் கீழே தழும்பின் மேல்நுனி தெரிந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு கையை விரித்துக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு கைகூப்பினாள். “வா கண்ணு, உக்காரு” என்று நாற்காலியைக் காட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்தால் எப்படிச் சொல்வாளோ அப்படி. காபி போட்டாள். முதல் டம்ளரை அந்த அம்மாவிடமும் இரண்டாவதைத் தங்கையிடமும் நீட்டினாள். விரல் படாமல் கொடுத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, தங்கையின் முகத்தைப் பார்க்காமல், அவள் டம்ளர் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்கம்மா உன்ன நல்லா பாத்துக்கறாங்களா?” என்றாள்.

தங்கை என்னைப் பார்த்தாள். நான் இங்கிலீஷில் சொன்னேன். அவள் முகம் சின்ன வயதில் சீப்போடு நின்றபோது இருந்ததுபோல ஆயிற்று. பார்த்துக்கொள்கிறார்கள் என்றாள். பிறகு என்னிடம் மெதுவாக, இங்கிலீஷிலேயே, “அவங்களுக்கு என்னை ஞாபகமே இல்லையா?” என்று கேட்டாள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இருக்கிறது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதுதான் இப்படி என்றேன் நான். எங்கள் குடும்பத்தில் எதற்கும் உடம்பைச் சொல்லிவிடலாம்.

அவர்கள் கிளம்பியபோது அம்மா வாசலுக்குக்கூட வரவில்லை. நான் தெருமுனை வரை போய்க் கார் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். அவள் இரண்டு டம்ளர்களையும் முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு எத்தனையோ வருஷக் கோபம் பொங்கிவிட்டது.

“அதான் பொழச்சிக்கினாளே! ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு. இன்னும் என்னா? பெத்த பொண்ணு கடலத் தாண்டி வந்து முன்னால நிக்கறா, ஒரு தடவ, ஒரே தடவ எம்பொண்ணேன்னு கூப்பிட்டா என்னா கொறஞ்சிரும் உனுக்கு?”

அவள் பதறி எழுந்தாள். என் வாயைப் பொத்தினாள். திறந்திருந்த வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“மெல்லப் பேசு. அவ இன்னும் ஊரு தாண்டல” என்றாள். “காதுல வுழப்போகுது.”

யார் காதில் என்று நான் கேட்கவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று முன்னமே சொன்னேன். ஆனாலும் கார் அத்திப்பள்ளி தாண்டியிருக்கும் என்று தோன்றும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சாத்திய அறைக்குள் வாயைத் திறக்கவில்லை.